யார் கையை யார்

ஓஸ்மரீனா தலையைக் குனிகிறாள்.
பிடரியில், காதுக்குச் சற்றுக் கீழே,
பென்சில் கனத்துக்கு ஒரு கொத்து முடி.
கத்தரிப்பவன் எவெரால்டோ;
அவனுக்கு இது முதல் கிராமம், விரல் நடுங்குகிறது.
"பார்த்து வெட்டு தம்பி,
சனிக்கிழமை ஞானஸ்நான விருந்து இருக்கிறது."
அவள் முதுகுக்குப் பின்னால்
பச்சையாக இருந்த தப்பஜோஸ்
பால் கூடிப்போன தேநீராகப் போகிறது.
மேலே எங்கோ தங்கம் அலசுகிறார்கள்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்போம்.
இங்கே பொன் கிடைக்கப் புதனைத்தான் ஊற்றுகிறார்கள்.
பொன் சிறுவிமானம் ஏறிப் போய்விடும்.
புதன் தங்கிவிடும்,
சேற்றில், புழுவில், சிறுமீனில், அதை விழுங்கியதில்,
இந்தப் பிடரியில்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்.
வேரில் இந்த வாரத்து மீன்,
நுனியில் போன வறட்சி.

சான்டரேமில் எனக்கு
இன்னொரு முடியை அளக்கும் வேலை.
பாதரசமும் செலினியமும்
ஒரே தலைப்பில் வரும் கட்டுரைகளை
ஆண்டுவாரியாக எண்ணவேண்டும்.
மின்விசிறி பறக்கவிடாமல்
தாள்களின் மேல் என் ஒற்றைச் செருப்பு.

நுனியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.
ஸ்வீடனில் ஓர் அமிலத் தொட்டியின் அடியில்
சிவந்த கசடு;
அதற்கு நிலவின் பெயர் வைத்தார்கள்.
பிறகு நெடுங்காலம் அது வெறும் நஞ்சு:
மேய்ந்த குதிரைக்குக் குளம்பு கழன்ற
புல்வெளிகளின் கதை.
ஐம்பதுகளில் எலியின் ஈரல் ஒன்று சொன்னது,
துளிகூட இல்லாவிட்டாலும் சாவுதான் என்று.
அறுபதுகளின் கடைசியில்
பாதரசம் ஏற்றிய எலிகள்
கூடவே செலினியமும் பெற்றதால் பிழைத்தன.
சூரை மீன் தின்ற காடைகள் வந்தன.
சீல்களின் ஈரலைத் திறந்தார்கள்:
அணுவுக்கு அணு, இரண்டும் சரிசமம்,
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு.
எழுபது முழுக்க ஒரே வினைச்சொல்,
காக்கிறது.
துணிவில்லாதவர்கள், காக்கக்கூடும்.

எங்கள் கதையில் புதன் நிலவின் பிள்ளை.
முறை தப்பிப் பிறந்தவன்,
ஊர் கூடிப் பஞ்சாயத்து வைத்த பிறப்பு.
பெற்றவன் இறுக்கிப் பிடிக்கத்தானே செய்வான்
என்று நினைத்துக்கொண்டு
அடுத்த கட்டைப் பிரித்தேன்.

வாக்கியம் திரும்பியிருந்தது.
எழுவாய் செயப்படுபொருளாகி,
பாதரசம் செலினியத்தைப் பிடிக்கிறது என்றிருந்தது.
அதை நம்பி மூளையில் வேலை பார்த்த நொதிகள்
வெறுங்கையோடு நிற்கின்றனவாம்.
அதே அணைப்பு.
அதே எலிகூட இருக்கலாம்.
காவலுக்கு வந்தவனைத்தான்
இத்தனை நாளும் கடத்திப் போயிருக்கிறார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பம்
தாளுக்கு வெளியே போய்விட்டது;
இன்னொரு தாளை ஒட்டினேன்.
ஒரு கட்டுரையை இருமுறை எண்ணியிருக்கிறேன்,
அழித்தால் ஓட்டை விழுகிறது, விட்டுவிட்டேன்.
உயரத்துக்குத் தெரியாது
யார் கையை யார் பற்றினார்கள் என்று.

ஓஸ்மரீனா அன்று
கத்தியின் முதுகால் காஸ்டான்யாக் கொட்டை உடைத்து
எவெரால்டோவின் உள்ளங்கையில் வைத்தாள்.
நிலவின் தனிமம் இந்தக் காட்டில்
வேறெதையும்விட அதில்தான் அதிகம்.
"இதையும் மீனையும் சேர்த்துத் தின்னலாமா?"
"எத்தனை கொட்டை?"
"உன் தாளில் என்ன போட்டிருக்கிறது?"
மென்றுகொண்டே சொன்னான்,
முடிவு வரட்டும், டோனா.
மூன்றாம் முறை முடி கொடுக்கிறவள்
மறுபடி கத்தியை ஓங்கினாள், கொட்டையின் மேல்.

உறை வந்து சேர்ந்தது.
உள்ளே நூல் கட்டிய கொத்து.
வேர் எந்தப் பக்கம் என்று
அம்புக்குறி போட மறந்திருக்கிறான்.
குழல்விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்;
எது மழை, எது வறட்சி,
எது முதலில்.

படகுத்துறைக் கடைக்குத் தொலைபேசினால்
அவளைக் கூப்பிட அரைமணி நேரம்.
பின்னால் சேவல், யாரோ திட்டுகிறார்கள்.
சிரிக்கிறாள்:
"கறுப்பு, கிறிஸ்துமஸுக்குப் பூசியது.
நரைத்த பக்கம்தான் இன்று."